ப்ரொஃபைல்ல ஓட்டுக் கணக்கு காட்டலாமா? விரல் மையும் மொய் நோட்டும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சேலம் டவுன்ல மாடியில தொட்டி வெச்சு வளக்குறவங்க, அயோத்தியாப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வெச்சிருக்கறவங்க, ஏற்காட்டு மேல ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர்ல காபியும் மிளகும் போட்டிருக்கறவங்கன்னு ஒரு இரநூறு பேரு சேந்து நாலு வருஷமா ஒரு கேள்வி பதில் ஆப் வெச்சிருக்கோம். ஒருத்தர் செடியை போட்டோ புடிச்சுப் போட்டு இதுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாரு, தெரிஞ்சவங்க பதில் சொல்லுவாங்க, பதில் சரின்னு பட்டா அப்வோட்டு, தப்புன்னு பட்டா டவுன்வோட்டு, அவ்வளவுதான் விஷயம். போன சித்திரையில நானும் கூட இருக்கற தம்பியும் சேந்து ஒவ்வொருத்தர் ப்ரொஃபைல்லயும் அவங்க இதுவரைக்கும் எத்தனை அப்வோட்டு, எத்தனை டவுன்வோட்டு போட்டிருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி வெச்சோம். ஆடி பொறக்கறதுக்குள்ள எடுத்துட்டோம். அதுல இருந்து ஏன் வெச்சீங்கன்னு பாதி பேரும் ஏன் எடுத்தீங்கன்னு பாதி பேரும் போன் மேல போன், அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு.

ஓட்டுக் கணக்குன்னு எதைச் சொல்றீங்க? பாயிண்ட் தான் எல்லாருக்கும் தெரியுதே?

ரெண்டு வேற வேற சமாச்சாரம், நெறைய பேரு இதுலதான் கொழப்பிக்கறாங்க. உங்களுக்கு வந்த ஓட்டு ஒண்ணு, நீங்க போட்ட ஓட்டு ஒண்ணு. வந்த ஓட்டு எல்லா எடத்துலயும் காட்டுறதுதான், ப்ரோகிராம் எழுதறவங்களோட கேள்வி பதில் சைட்டு ஸ்டாக் ஓவர்ஃப்ளோல ரெப்யுடேஷன்னு சொல்லுவாங்க, எல்லாத்தையும் பத்திப் பேசற ரெட்டிட் சைட்டுல கர்மா. ஸ்லாஷ்டாட்னு ஒரு பழைய சைட்டு இருக்கு, அங்க கர்மா நம்பரை ஏத்தறதையே ஜனங்க ஒரு வெளையாட்டா ஆக்குனதும் நம்பரைத் தூக்கிட்டு நல்லது, ரொம்ப நல்லதுங்கற மாதிரி வார்த்தையில காட்ட ஆரம்பிச்சாங்க. அது தனிக்கதை. இங்க சண்டை எல்லாம் போட்ட ஓட்டைப் பத்தி. அதுலயும் மூணு படி இருக்கு. மொத்தம் எத்தனை போட்டாருன்னு மட்டும் காட்டுறது மொதப்படி, அதுல அப் எத்தனை டவுன் எத்தனைன்னு பிரிச்சுக் காட்டுறது ரெண்டாவது, எந்தப் பதிலுக்கு எதைப் போட்டாருன்னே காட்டுறது மூணாவது. நாங்க வெச்சது ரெண்டாவது படி. மூணாவதுதான் ஆபத்து, ரெண்டாவது சும்மா நம்பர்தானேன்னு நெனச்சோம்.

பெரிய சைட்டெல்லாம் எப்புடி பண்றாங்க?

ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி. 2008ல வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, நாங்க பாத்து காப்பி அடிச்சது அதைத்தான், ப்ரொஃபைல்ல இவர் மொத்தம் எத்தனை ஓட்டு போட்டாரு, அப் எத்தனை, டவுன் எத்தனைன்னு காட்டுவாங்க, ஆனா எந்தப் பதிலுக்குன்னு மத்த மெம்பர்களுக்குத் தெரியாது. அவங்க வெளியில கொடுக்கற டேட்டா மூட்டையிலயும் ஆளுக்கு ஆள் அப்வோட்டு, டவுன்வோட்டுன்னு ரெண்டு கட்டம் இருக்கு. ஹேக்கர் நியூஸ்னு கம்ப்யூட்டர்க்காரங்க பேசிக்கற சைட்டுல 500 பாயிண்ட் சேத்தாத்தான் டவுன்வோட்டு பட்டனே கண்ணுக்குத் தெரியும், அடுத்தவங்க கமெண்டுக்கு எத்தனை வந்துச்சுங்கறது 2011லேர்ந்து மறைச்சாச்சு. ரெட்டிட்ல ஒரு போஸ்டுக்கு அப் இத்தனை டவுன் இத்தனைன்னு தனித்தனியா தெரிஞ்சுக்கிட்டு இருந்ததை 2014 ஜூன்ல எடுத்துட்டாங்க, அதுக்கும் முன்னாடியே காட்டுற நம்பரை வேணும்னே கொஞ்சம் ஏத்தி எறக்கித்தான் காட்டுவாங்க, பொய் ஓட்டு போடுற ப்ரோகிராமுக்கு தன் ஓட்டு ஏறிச்சா இல்லையான்னு தெரியக்கூடாதுன்னு. யூட்யூப் 2021 நவம்பர்ல டிஸ்லைக் எண்ணிக்கையை மறைச்சுது, வீடியோ போட்டவருக்கு மட்டும் உள்ள தெரியும். ட்விட்டர், அதான் இப்ப எக்ஸ், 2024 ஜூன்ல யாரு எதுக்கு லைக் போட்டாங்கன்னு மத்தவங்க போய்ப் பாக்கற பக்கத்தை மூடிட்டாங்க. போஸ்ட் போட்டவருக்கு மட்டும் தன் போஸ்டுக்கு யாரு லைக் போட்டாங்கன்னு தெரியும்.

வருஷம் போகப் போக எல்லாரும் மறைக்கற பக்கமாத்தான் நகந்துட்டு வர்றாங்க. அதுல மெம்பர் மேல இருக்கற அக்கறை எவ்வளவு, விளம்பரக்காரங்க மனசு நோகக்கூடாதுங்கற அக்கறை எவ்வளவுன்னு நான் கேக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

அப்ப ஏன் மொதல்ல காட்டுனீங்க?

யாரும் ஓட்டு போடலீங்க, அதுதான் காரணம். இரநூறு பேரு படிக்கறாங்க, ஓட்டு போடுறது சுத்திச் சுத்தி அதே முப்பது பேரு. மல்கோவா பூ கருகுறதுக்கு ஒருத்தர் ராத்திரி உக்காந்து ஒரு பக்கத்துக்கு எழுதுவாரு, நூறு பேரு படிச்சுப் பயன் அடைஞ்சிருப்பாங்க, ரெண்டு ஓட்டு விழுந்திருக்கும், அதுல ஒண்ணு என்னோடது. அதனால ஓட்டு போட்டவங்களை நாலு பேருக்குத் தெரியற மாதிரி பண்ணா மத்தவங்களுக்கும் ஒரு கூச்சம் வரும்னு பாத்தோம், எலெக்‌ஷன் அன்னைக்கு மை வெச்ச விரலை போட்டோ எடுத்துப் போடுறாங்கல்ல, அந்த மாதிரி. ஸ்டாக் ஓவர்ஃப்ளோலயும் 300 ஓட்டு போட்டா ஒரு பேட்ஜ் தருவாங்க, அந்த யோசனைதான்.

வேலை செஞ்சுதான்னு கேட்டா, செஞ்சுது, இதுல பொய் சொல்ல மாட்டேன். மொத ரெண்டு வாரம் ஓட்டு நல்லா ஏறிச்சு. ஒருத்தர் ஒரே ராத்திரியில எழுபத்தி சொச்சம் அப்வோட்டு போட்டாரு, கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர்ல ஆரம்பிச்சு நாலு வருஷத்துக்கு முந்தி யாரோ எழுதுன பாகற்காய்ப் பந்தல் வரைக்கும், படிச்சுட்டா போட்டிருப்பாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் டவுட்டுதான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோல ஒரு நாளைக்கு 40 ஓட்டுக்கு மேல போட முடியாதுன்னு வெச்சிருக்கறது ஏன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது, மறுநாளே எங்க ஆப்லயும் ஒரு லிமிட்டு போட்டுட்டோம்.

சரி, என்னதான் பிரச்சினை ஆச்சு?

முழுசா சொல்றேன், பேரு மட்டும் சொல்ல மாட்டேன்.

ஆனி மாசம், ஏற்காட்டுக்காரர் ஒருத்தர் காபிச் செடி போட்டோ போட்டாரு. அராபிகா. எலை மஞ்சளாகித் தொங்குது, தண்டுல மோதிரம் போட்ட மாதிரி மேடு மேடா இருக்குது. பாத்தவுடனே தெரியும், வெள்ளைத் தண்டு துளைப்பான், தண்டை உள்ள குடையற வண்டு. அதுக்கு எங்க பெரியவர் ஒருத்தர், ரிட்டையர் ஆனவரு, டவுன்லதான் இருக்காரு, அவரு பதில் எழுதுனாரு: நெழல் அதிகமாயிடுச்சு, மழை புடிக்கறதுக்கு முன்னாடி சில்வர் ஓக் கெளையை நல்லா கழிச்சு விடுங்க, வெயில் பட்டா சரியாயிடும். எலைத் துருநோயா இருந்தா அந்தப் பேச்சுல நியாயம் இருக்கு, காத்தோட்டமும் வெளிச்சமும் வேணும், ஆனா தண்டு துளைப்பானுக்கு இது நேரெதிர் வைத்தியம், அந்த வண்டுக்கு வெயில் விழற தண்டுதான் புடிக்கும், நெழலைக் கழிச்சா நாமளே எலை போட்டு விருந்து வெச்ச மாதிரி. பதிலுக்கு ஒரு டவுன்வோட்டு விழுந்துச்சு. ஒண்ணே ஒண்ணு.

இப்பப் பாருங்க. பெரியவருக்கு ராத்திரி தூக்கம் வரல. அவரு முன்னாடியே நம்ம ஆளுங்க ப்ரொஃபைலை எல்லாம் பாத்து வெச்சிருந்திருக்காரு, வேலை பாத்த காலத்துல கணக்கு எழுதிப் பழகுன கை, தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளு பின்பக்கம் வரிசையா பேரும் பக்கத்துல டவுன்வோட்டு நம்பரும் பென்சில்ல எழுதியிருக்காரு. அந்தத் தாளை அப்புறம் நானே பாத்தேன். மறுபடி ஒவ்வொருத்தர் ப்ரொஃபைலாப் போய்ப் பாத்தா, நாகலூர் பக்கம் ஒரு பொண்ணு, அவங்க வீட்டுலயே மூணு ஏக்கர் காபி இருக்கு, அதோட நம்பர் 6லேர்ந்து 7 ஆகியிருக்குது. மத்தவங்க யாருக்கும் மாறல. அந்த ஏழுக்கு ஒரு ரவுண்டு போட்டு வெச்சிருந்தாரு மனுஷன்.

அந்த வார ஞாயித்துக்கெழமை அஸ்தம்பட்டியில ஒரு வீட்டு மாடியில எங்க செடிப் பரிமாற்றம். தட்டுவடை செட்டு வாங்கி வெச்சு எல்லாரும் நின்னு சாப்புட்டுக்கிட்டு இருக்கறப்ப, பெரியவர் நேராப் போயி, ஏம்மா, நீதான என்னையக் குத்துன? அப்புடின்னாரு. அந்தப் பொண்ணு கையில தட்டுவடையோட அப்புடியே நின்னுடுச்சு. இல்லீங்க ஐயா, நான் போடலீங்கன்னு சொல்லிடுச்சு. சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும், ஏன்னா அட்மினுக்குத் தெரியும். ஆனா அந்தப் பொய்யைச் சொல்ல வெச்சது நான் போட்ட அந்த நம்பர். பெரியவருக்கும் அது பொய்யின்னு தெரியும், கையில தாளே இருக்குதே. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு ஒரு மாசம் ஓட்டே போடல, அப்பும் இல்ல டவுனும் இல்ல. காபியைப் பத்தி எங்க எல்லாரை விடவும் தெரிஞ்ச ஆளு.

இதுல இன்னொரு கொடுமை, பெரியவர் கெட்டவரு இல்ல. இமாம் பசந்த் ஒட்டுக்கன்னு கேட்டா பஸ் ஏறி வந்து வீட்டுல கொடுத்துட்டுப் போறவரு. அவரு கையில அந்த நம்பரைக் கொடுத்தா யாரா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவாங்க. எனக்கு டவுன்வோட்டு விழுந்தப்ப நானும் ரெண்டு பேரு ப்ரொஃபைலைப் போய்ப் பாத்தேன், இப்ப ஒத்துக்கறேன்.

பேரே இல்லாம வெறும் நம்பர்தானே, அதுல என்ன தெரிஞ்சுடும்?

மேல சொன்னதுதான் பதில், நேத்து 6, இன்னைக்கு 7, நடுவுல ஒரே ஒரு சம்பவம், முடிஞ்சுது. நம்பர் ஒண்ணும் சொல்லாது, ரெண்டு நம்பருக்கு நடுவுல இருக்கற கழித்தல்தான் எல்லாத்தையும் சொல்லும்.

இது நம்ம நாட்டு எலெக்‌ஷன்லயே இருக்கற பிரச்சினைதான். சீட்டுல முத்திரை குத்துன காலத்துல, பல எடங்கள்ல நெறைய பூத்து சீட்டை ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டுதான் எண்ணுவாங்க, எந்தத் தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு தெரியக்கூடாதுன்னு. மெஷின் வந்ததும் மெஷின் மெஷினா எண்ணுறாங்க, ஃபார்ம் 20னு ஒண்ணுல பூத்து வாரியா கணக்கு வெளிய வந்துடுது. ஒரு பூத்துல ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு, அது ஒரே ஊரா இருந்துச்சுன்னா ஜெயிச்சவரு அந்த ஊருக்கு ரோடு போடலாமா வேணாமான்னு அந்தத் தாளைப் பாத்தே முடிவு பண்ணலாம்ல. அதுக்குத்தான் டோட்டலைசர்னு ஒண்ணு, பல மெஷின் கணக்கை ஒண்ணாக் கூட்டிக் காட்டுற கருவி, வைக்கணும்னு எலெக்‌ஷன் கமிஷன் 2008ல கேட்டுச்சு, சட்ட கமிஷனும் 2015ல தன்னோட 255வது அறிக்கையில வைக்கலாம்னு சொல்லுச்சு, இன்னும் வரல. ஆயிரம் பேருக்கே இந்தக் கவலைன்னா, முப்பது பேரு ஓட்டு போடுற எடத்துல ஆளுக்கு ஆள் நம்பர் ஒட்டி வெச்சா என்ன ஆகும்?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோல அது ஏன் பிரச்சினை ஆகல?

கூட்டம்தான் காரணம். கடைவீதியில தீபாவளிக்கு முந்தின நாள் யாரு உங்க காலை மிதிச்சாங்கன்னு கண்டுபுடிக்க முடியுமா? அதே மாடியில பதினஞ்சு பேரு நின்னா? அங்க ஒரு நிமிஷத்துல எவ்வளவு பேரோ ஓட்டு போடுறாங்க. அதோட அங்க இருக்கறவங்க ஞாயித்துக்கெழமை ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கப்போறது இல்ல.

அப்வோட்டை மட்டும் பேரோட காட்டலாமே? நல்லதுதானே?

இதைக் கேக்கறவங்கதான் ஜாஸ்தி. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது மொய் நோட்டு ஆயிடும். கல்யாணத்துல மொய் எழுதறப்ப என்ன நடக்குது, பேரு, ஊரு, ரூபா. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, இவரு நம்ம பெரியவன் கல்யாணத்துக்கு ஐநூறு வெச்சாரு, நாம ஆயிரமாத் திருப்பணும், இந்தாளு சாப்புட்டுட்டு எழுதாமப் போயிட்டாரு, அடுத்த தடவை பத்திரிக்கையே கெடையாது. கொடுத்தது அன்புல இருக்கலாம், எழுதி வெச்சதுக்கப்புறம் அது கடன். ஓட்டும் அப்புடித்தான், யாரு போட்டாங்கன்னு பேரு தெரிஞ்சா நீ எனக்குப் போட்ட நான் உனக்குப் போடறேன்னு ஆரம்பிச்சு, அப்புறம் பதில் சரியா தப்பாங்கறதை யாரும் பாக்க மாட்டாங்க. எங்க மாமா போஸ்டுக்கு நான் போடலன்னா வீட்டுல பேச்சு வரும், இது நான் சும்மா சொல்லல, வந்துச்சு.

ஃபேஸ்புக்ல லைக்குல பேரு தெரியுதே, அங்க என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேப்பீங்க. அங்க லைக்குங்கறதே மொய்தான், பொறந்தநாளுக்குப் போடறது, பொண்ணு சடங்குக்குப் போடறது, அதுக்கு அது சரி. ஆனா எந்த மருந்தை அடிக்கறதுன்னு முடிவு பண்றதுக்கு மொய்யை எண்ணி என்ன பிரயோஜனம்.

தைரியமாப் போட்டவங்க ஏன் ஒளியணும்? டவுன்வோட்டு போட்டா நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?

கிராம சபைக்குப் போயிருக்கீங்களா? ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ல நடக்கும்ல. தீர்மானத்துக்கு ஆதரவா கையைத் தூக்குங்கன்னு சொன்னவுடனே ஒவ்வொருத்தர் கையும் காது வரைக்கும் வந்து நிக்கும், கண்ணு மட்டும் பக்கத்துல இருக்கறவரு கையைப் பாக்கும், அவரு யாரைப் பாக்கறாருன்னா முன் வரிசையில உக்காந்திருக்கறவரை. தைரியம் இல்லாதவங்கன்னு இல்ல, நாளைக்குத் தண்ணி தெறந்து விடறவரும் அதே ஊருதான்.

ஆனா ஒரு எடத்துல உங்க கேள்வி சரி. தனக்காக ஓட்டு போடறவங்க வேற, மத்தவங்க சார்பா போடறவங்க வேற. ராஜ்யசபா எலெக்‌ஷன்ல எம்எல்ஏ ஓட்டுச் சீட்டை தன் கட்சி ஏஜெண்டுகிட்ட காட்டிட்டுத்தான் பெட்டியில போடணும், 2003ல சட்டத்தை மாத்துனாங்க, அது செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டு 2006ல சொல்லிடுச்சு. எம்எல்ஏ அவருக்காகப் போடல, கட்சி சார்பா போடறாருங்கற நியாயம். நம்ம ஓட்டு அப்புடி இல்ல, அதான் ரகசியம். அதே மாதிரி எங்க ஆப்ல ஒரு கேள்வியை மூடறது, ஒரு பதிலைத் தூக்கறது, ஒரு ஆளை வெளிய அனுப்பறது, இதெல்லாம் மாடரேட்டர் பண்றது, அதுல பேரு கட்டாயம் தெரியணும். என் பேரும் சேத்துத்தான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோலயும் ஒரு கேள்வியை மூட ஓட்டு போட்டவங்க பேரு பதிவுல இருக்கும், டவுன்வோட்டு போட்டவங்க பேரு வராது, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு வெச்சிருக்காங்க.

விக்கிப்பீடியாவுல ரொம்ப நாளா ஒருத்தரை நிர்வாகியாக்கறதுக்கு ஆதரவு, எதிர்ப்புன்னு கையெழுத்துப் போட்டு வெளிப்படையாத்தான் சொல்லுவாங்க. ஆங்கில விக்கிப்பீடியாவுல சண்டையைத் தீத்து வைக்கற நடுவர் குழு தேர்தலை 2009லேர்ந்து ரகசிய ஓட்டா மாத்துனாங்க, 2024 அக்டோபர்ல நிர்வாகி தேர்தலையே ஒரு தடவை ரகசிய ஓட்டுல நடத்திப் பாத்தாங்க. எல்லாத்தையும் தெறந்து வெச்சுப் பழகுனவங்களே அந்தப் பக்கம் போறாங்கன்னா யோசிச்சுத்தான் போயிருப்பாங்க.

மறைச்சுட்டா கள்ள ஓட்டை எப்புடிப் புடிப்பீங்க?

அதை மெம்பருங்க யாரும் ப்ரொஃபைல் பாத்துப் புடிக்க வேண்டாம், சர்வர்ல எல்லாமே பதிவாகுது. ஒருத்தர் இன்னொருத்தரோட பதினஞ்சு பதிலுக்கு அஞ்சு நிமிஷத்துல வரிசையா டவுன் போட்டா அது பதில் மேல இருக்கற கோவம் இல்ல, ஆளு மேல இருக்கற கோவம். பெரிய சைட்டுல இதைக் கண்டுபுடிச்சுத் தானாவே ஓட்டைத் திருப்பி எடுக்க ப்ரோகிராம் ஓடுது. நாங்க வாரத்துக்கு ஒரு தடவை தம்பி உக்காந்து கண்ணால பாக்கறோம், இரநூறு பேருக்கு அது போதும். அட்மின் பாத்தா மட்டும் ரகசியமான்னு கேட்டா, நியாயமான கேள்வி, அதுக்குத்தான் ரெண்டு பேருக்கு மேல அந்தப் பக்கத்தைத் தெறக்க முடியாதுன்னு வெச்சிருக்கோம், தெறந்தா யாரு எப்ப தெறந்தாங்கன்னு பதிவாகும்.

டவுன்வோட்டு போட்டா காரணம் எழுதணும்னு கட்டாயம் பண்ணலாமே?

பண்ணிப் பாத்தோம். எல்லாரும் ஒரு புள்ளி வெச்சுட்டுப் போனாங்க. ஒருத்தர் மட்டும் காரணம்னு எழுதி வெச்சாரு.

நம்பர் வேணாம், சதவீதம் காட்டுனா?

அது இன்னும் மோசம். எங்ககிட்ட ஒரு அக்கா இருக்காங்க, அம்மாபேட்டை, காலையில எந்திரிச்சவுடனே புதுசா வந்த போஸ்டு எல்லாத்தையும் பாத்து, லோன் வேணுமா, வீட்டுல இருந்தே சம்பாதிக்கலாம்ங்கற குப்பைக்கெல்லாம் டவுன் போட்டு ஒதுக்கி விடறவங்க. அவங்க கணக்கை சதவீதத்துல பாத்தீங்கன்னா நூத்துக்கு எம்பது டவுன்வோட்டு, புதுசா வந்தவரு பாத்தா யாருடா இந்தச் சிடுமூஞ்சின்னு நெனப்பாரு. தெரு கூட்டறவங்க கையில குப்பை இருக்குன்னு அவங்களைக் குப்பைன்னு சொன்ன கதை. நேர்மாறா, எல்லாத்துக்கும் அப் மட்டும் போடறவரு நூத்துக்கு நூறு நல்லவரா தெரிவாரு, தப்பு வைத்தியத்துக்கும் சேத்து அப் போட்டிருப்பாரு. டவுன்வோட்டுக்கு ஒரு வெலை வைக்கணும்னா வேற வழி இருக்கு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோல ஒரு பதிலுக்கு டவுன் போட்டா பதில் எழுதுனவருக்கு 2 பாயிண்ட் போகும், போட்டவருக்கும் 1 போகும்னு பல வருஷமா வெச்சிருந்தாங்க. கையில இருந்து கொஞ்சம் காசு போனா யோசிச்சுப் போடுவாங்க, யாரும் வந்து எட்டிப் பாக்க வேண்டியது இல்ல.

விருப்பப்பட்டவங்க மட்டும் காட்டிக்கட்டும், மத்தவங்க மறைச்சுக்கட்டும். இது சரிதானே?

தம்பி மொதல்ல இதைத்தான் சொன்னான், எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு, ஒரு ராத்திரி யோசிச்சுட்டு வேணாம்னுட்டேன். முப்பது பேருல இருபத்தஞ்சு பேரு தெறந்து வெச்சுட்டா மிச்சம் அஞ்சு பேரு எதையோ மறைக்கறாங்கன்னுதான் பேச்சு வரும். சந்தேகம் முப்பது பேருலேர்ந்து அஞ்சு பேருக்குச் சுருங்கிடும், பெரியவருக்கு காலண்டர் தாளு கூட தேவைப்படாது. சில விஷயத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி பூட்டுதான் சரி. பூத்துல ஓட்டு போட்டுட்டு, இங்க பாருங்க இவங்களுக்குத்தான் போட்டேன்னு காட்டிட்டுப் போறதுக்கு விட மாட்டாங்கல்ல, காட்ட விருப்பம் இருக்கறவங்களைக் கூட. காட்ட முடியும்னு ஆயிட்டா, காட்டுன்னு ஒருத்தன் கேப்பான், காட்டுனாத்தான் காசுன்னு இன்னொருத்தன் கேப்பான்.

டவுன்வோட்டையே எடுத்துட்டா சண்டையே இல்லையே?

சமையல் குறிப்புக்குன்னா சரிங்க, உப்பு கம்மியானா போட்டுக்கலாம். இங்க தப்பான பதிலைக் கேட்டு ஒருத்தர் நெழல் மரத்தைக் கழிச்சுட்டா அந்த நெழல் திரும்பி வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். தப்புன்னு சொல்றதுக்கு ஒரு பட்டன் வேணும்.

அப்ப இப்ப என்னதான் தெரியுது?

விரல்ல மை தெரியும், உள்ள எந்த பட்டனை அமுக்குனீங்கன்னு தெரியாது. அந்த மை 1962 பொதுத்தேர்தல்ல இருந்து இருக்குது, மைசூர்ல இருக்கற பெயிண்ட் கம்பெனியிலதான் செய்யறாங்க. அதுல கலக்கறது சில்வர் நைட்ரேட்டு, வெளிச்சம் பட்டா கருத்துடும், தேச்சாலும் போகாது. செவ்வாப்பேட்டையில வெள்ளிப் பட்டறை வெச்சிருக்கறவங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்ல, வெள்ளி கையில ஒட்டுனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். இவரு வந்தாரு, போட்டாருங்கற அளவுக்கு ஊருக்குத் தெரிஞ்சாப் போதும்.

அதனால மொத்தம் எத்தனை ஓட்டுன்னு மட்டும்தான் காட்டறோம், அப் டவுன் பிரிக்கறது இல்ல. ஆனா இதுலயும் ஒரு பொத்தல் இருக்குது, பல பேரு இதை விட்டுடறாங்க: மொத்தத்தை ஒடனுக்கொடனே காட்டுனா, டவுன்வோட்டு விழுந்த அதே நிமிஷத்துல யாரு மொத்தம் ஒண்ணு ஏறிச்சுன்னு பாத்தாலே போதும், பிரிக்காததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். அதனால மாசம் ஒண்ணாந்தேதி மட்டும்தான் நம்பர் மாறும், அதுவும் முழுசா இல்ல, 50க்கு மேல, 100க்கு மேல, 250க்கு மேலன்னு படியாத்தான் வரும். 50க்குக் கீழ இருந்தா ஒண்ணுமே வராது. உங்க கணக்கு உங்களுக்கு மட்டும் முழுசா தெரியும், எதுக்கு எதைப் போட்டீங்கன்னு வரைக்கும், வேணும்னா டவுன்லோடு பண்ணிக்கலாம். ஓட்டு கொஞ்சம் கொறைஞ்சுதான் போச்சு, சித்திரை மாசம் இருந்த வேகம் இல்ல, பழைய முப்பது பேருக்கு இப்ப ஒரு நாப்பத்தஞ்சு பேரு போடறாங்க. எனக்கு அது போதும், தம்பிக்குப் போதாது, அவன் இன்னும் பேட்ஜுன்னு பேசிக்கிட்டு இருக்கான்.

அந்தப் பெரியவர் இப்ப பேசறாரா? அந்தக் காபிச் செடி என்ன ஆச்சு?

பேசறாரு. நான் நேர்ல போயி, தப்பு எங்க மேலதாங்க ஐயா, அந்த நம்பரை அங்க வெச்சிருக்கவே கூடாதுன்னு சொன்னேன், அவரு ஒண்ணும் சொல்லல, உள்ள போயி காபி போட்டுட்டு வந்தாரு. நல்லவேளை ஏற்காட்டுக்காரர் மரத்தைக் கழிக்கல, எஸ்டேட்ல வேலை பாக்கற ஒரு அண்ணன் பாத்துட்டு, துளைச்ச செடி பதினாலை வேரோட புடுங்கி எரிச்சுட்டு, மத்த செடித் தண்டுல எல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்காரு, அக்டோபருக்கு மேல வண்டு மறுபடி பறக்கும், அதுக்குள்ள முடிச்சாகணும்னு. பெரியவர் தன் பதிலை எடுக்கல. கீழ ஒரு வரி சேத்திருக்காரு: இது துருநோய்க்கு மட்டும், துளைப்பானுக்கு வேண்டாம். அந்தப் பொண்ணு மறுபடி ஓட்டு போட ஆரம்பிச்சிருக்குது, இன்னும் அம்பதைத் தொடல, அதனால ப்ரொஃபைல்ல ஒண்ணும் தெரியாது.